ஸ்கிரைபஸ் 1.6-இல் பாதி ஒளிபுகும் வட்டமுனை லேபிள்: எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது

படத்தின் மேல் ஒரு பெயர் வர வேண்டும். எழுத்து பளிச்சென்று படிக்க வேண்டும், பின்னால் இருக்கும் படமும் முழுக்க மறையக் கூடாது. இதற்காகத்தான் முனை மழுங்கிய, பாதி ஒளிபுகும் லேபிள்கள். வரைபடத்தில் இடப்பெயர், படத்தொகுப்பில் தலைப்பு, கையேட்டில் பாகங்களின் பெயர் என்று எங்கும் இவை தேவைப்படுகின்றன. பார்வைக்கு இரண்டு நிமிட வேலை. ஆனால் ஒரு பக்க வடிவமைப்பு மென்பொருளின் பலமும் பலவீனமும் இந்தச் சின்ன வேலையில் அப்படியே தெரிந்துவிடும்.

ஸ்கிரைபஸ் அப்படியொரு பக்க வடிவமைப்பு மென்பொருள்; இலவசம், திறமூலம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நிலையான 1.6.0 பதிப்பு 2024 ஜனவரி 1 அன்று வந்தது. தமிழில் வேலை செய்கிறவர்கள் இன்னும் 1.4-ஐ வைத்திருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். அந்தப் பதிப்புக்கு யூனிகோடு தமிழை ஒழுங்காகக் கோக்கத் தெரியாது; கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக்கோர்ப்பு நூலகம் 1.5 வரிசையில் சேர்ந்த பிறகே அது சரியானது. கீழே வருவதெல்லாம் 1.6-ஐ வைத்தே.

இந்த வேலையில் ஸ்கிரைபஸ் பெறும் மதிப்பெண் இரண்டு கேள்விகளைப் பொறுத்தது. ஒளிபுகுதல் பின்னணிக்கு மட்டும் போய், எழுத்தைத் தொடாமல் இருக்கிறதா? எழுத்து கூடினால் குறைந்தால் பெட்டி தானாக ஈடு கொடுக்கிறதா? முதல் கேள்விக்கு மிக நல்ல பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு இல்லை.

அடிப்படை லேபிள்

டெக்ஸ்ட் ஃப்ரேம் (எழுத்துப் பெட்டி) ஒன்றை வரைந்து, எழுத்தை உள்ளிடுங்கள். எஃப்2 அழுத்தினால் ப்ராப்பர்ட்டீஸ் பலகம் வரும். அதன் ஷேப் பகுதியில் ரவுண்ட் கார்னர்ஸ் என்ற கட்டம் இருக்கிறது. அதில் ஆரத்தைக் கொடுங்கள். எதிர்மறை எண் கொடுத்தால் முனை வெளியே வளையாமல் உள்ளே குடைந்துகொள்ளும். லேபிளுக்கு அது வேண்டாம். பிறகு நிரப்பு நிறத்தைத் தேர்ந்தெடுத்து, நிரப்புக்கான ஒபாசிட்டியை, அதாவது ஒளி புகாமல் மறைக்கும் அளவை, குறையுங்கள். விளிம்புக் கோட்டுக்கு ஒபாசிட்டி தனியாக இருக்கிறது; கோட்டு நிறத்தை 'நன்' (எதுவுமில்லை) என்றே விட்டுவிடுங்கள். எஃப்3 அழுத்தினால் கன்டென்ட் பலகம் வரும். அங்கே விளிம்புக்கும் எழுத்துக்கும் நடுவே விடும் இடைவெளியான டெக்ஸ்ட் டிஸ்டன்ஸ் நான்கும், செங்குத்து நிலையும் இருக்கின்றன. செங்குத்து நிலையை நடுவில் வையுங்கள், எழுத்தைக் குறுக்கிலும் நடுப்படுத்துங்கள். அவ்வளவுதான்.

10 பாயின்ட் எழுத்தில் ஒரு வரி லேபிளுக்குத் தொடங்க நல்ல அளவுகள் இவை: உயரம் 8 மி.மீ., ஆரம் 2 மி.மீ., இடமும் வலமும் 3 மி.மீ. இடைவெளி, மேலும் கீழும் 1.5 மி.மீ. உள்ளே 5 மி.மீ. மிஞ்சும். 13 பாயின்ட் வரி இடைவெளி என்பது 4.6 மி.மீ.; சரியாக உட்காரும். மேல்கீழ் இடைவெளியை 2 மி.மீ. ஆக்கினால் உள்ளே 4 மி.மீ.தான் இருக்கும், வரி உள்ளே வராமல் ஃப்ரேமின் மூலையில் வழிதல் குறி தோன்றும். எழுத்தே காணோம் என்று முதன்முறை பயன்படுத்துகிறவர்கள் திகைப்பது பெரும்பாலும் இதனால்தான்.

ஒபாசிட்டியை 20-க்குக் கொண்டுபோனாலும் எழுத்து முழுக் கறுப்பாகவே நிற்கும். ஸ்கிரைபஸில் மிகவும் பாராட்ட வேண்டிய விஷயம் இது. டெக்ஸ்ட் ஃப்ரேமின் நிரப்பு வேறு, எழுத்து வேறு என்று மென்பொருள் அடிப்படையிலேயே பிரித்து வைத்திருக்கிறது. எந்தக் கூடுதல் சாளரமும் திறக்க வேண்டியதில்லை. ஆனால் லேபிளை வேறொன்றோடு சேர்த்துக் குழுவாக்கி, குழுவின் ஒபாசிட்டியைக் குறைத்தால் எழுத்தும் சேர்ந்து மங்கிவிடும். பொருள்களை அடுக்கி வைக்கும் லேயருக்கும் தனி ஒபாசிட்டி உண்டு. எஃப்6 பலகத்தில் லேயர் 70 சதவீதம், ஃப்ரேமின் நிரப்பு 70 சதவீதம் என்றிருந்தால் கையில் கிடைப்பது 49 சதவீதம்தான், எழுத்தும் 70-க்கு இறங்கியிருக்கும். லேபிள்களுக்குத் தனி லேயர் வைப்பது நல்ல பழக்கம். அந்த லேயரின் ஒபாசிட்டி 100-லேயே இருக்கட்டும்.

ஷேட் என்ற கட்டத்தை ஒபாசிட்டி என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் நிறைய. ஷேட் என்பது நிறத்தை வெளுக்க வைப்பது; 30 சதவீத ஷேடில் நீலம் வெளிர்நீலமாகும், ஆனால் பின்னால் இருக்கும் படம் துளியும் தெரியாது. வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதால் இந்தப் பிழை கடைசிவரை கண்ணில் படாமல் போகும். லேபிளைச் சோதிக்கும்போது எப்போதும் படத்தின் மேல் வைத்தே சோதியுங்கள்.

முனை வளைந்தால் வரியும் வளையும்

ஸ்கிரைபஸில் எழுத்து ஃப்ரேமின் வடிவத்தை ஒட்டியே ஓடும். செவ்வகத்தில் இது தெரியாது. ஆரத்தைக் கூட்டக் கூட்டத் தெரியவரும். 8 மி.மீ. உயரத்துக்கு 4 மி.மீ. ஆரம் கொடுத்தால் மாத்திரை வடிவம் கிடைக்கும். அதில் மேல் விளிம்பிலிருந்து 1.5 மி.மீ. கீழே, வளைவு ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 0.9 மி.மீ. உள்ளே வந்திருக்கும். ஒரு வரியை நடுப்படுத்தி வைத்திருந்தால் இது பாதிக்காது, அகலத்தில் கொஞ்சம் தாராளம் காட்டினால் போதும். இரண்டு மூன்று வரிகளை இடப்பக்கம் சீராக்கினால்தான் சிக்கல். முதல் வரியும் கடைசி வரியும் நடுவரிகளைவிட உள்ளே தள்ளித் தொடங்கும், இடது ஓரம் கோணலாகத் தெரியும்.

இதற்கு உறுதியான வழி இரண்டு பொருள்களாகப் பிரிப்பதுதான். எழுத்தில்லாத வட்டமுனைச் செவ்வகம் ஒன்று கீழே, அதற்குத்தான் நிறமும் ஒபாசிட்டியும். அதன் மேல் நிரப்பே இல்லாத நேர்முனை டெக்ஸ்ட் ஃப்ரேம். இரண்டையும் தேர்ந்தெடுத்து, அலைன் அண்ட் டிஸ்ட்ரிபியூட் பலகத்தில் மையங்களை ஒன்றாக்கி, குழுவாக்கிவிடுங்கள். வேலை ஒரு மடங்கு கூடுகிறது, ஆனால் பல வரி லேபிளுக்கு இதைவிடத் தெளிவான முறை ஸ்கிரைபஸில் இல்லை.

மாத்திரை வடிவத்துக்கு இன்னொரு நுணுக்கம். ஆரம் உயரத்தில் சரிபாதி இருந்தால்தான் அது மாத்திரை. பிறகு ஃப்ரேமை உயர்த்தினால் ஆரம் பழைய எண்ணிலேயே நிற்கும், வெறும் வட்டமுனைப் பெட்டியாகிவிடும். ஒரு வரி லேபிளும் இரண்டு வரி லேபிளும் ஒரே பக்கத்தில் வரப்போகின்றன என்றால் மாத்திரை வடிவத்தைத் தவிர்த்து, எல்லாவற்றுக்கும் 2 மி.மீ. என்று ஒரே ஆரம் வைப்பதே பார்க்க ஒழுங்காக இருக்கும்.

தமிழ் எழுத்து நடுவில் உட்காராது

செங்குத்தாக நடு என்று சொன்னால் மென்பொருள் எழுத்தின் கண்ணுக்குத் தெரியும் உருவத்தை அளப்பதில்லை. எழுத்துருவுக்குள் எழுதப்பட்ட மேல்கீழ் அளவுகளையும் வரி இடைவெளியையும் வைத்துக் கணக்குப் போடுகிறது. தமிழ் எழுத்துருக்களில் மேலே 'கி', 'கீ' சுழிக்கும், கீழே 'கு', 'ழு', 'ஞு' வாலுக்கும் இடம் விட்டிருப்பார்கள். 'படகு' என்ற லேபிளும் 'கிளி' என்ற லேபிளும் ஒரே அமைப்பில் இருந்தும் ஒன்று கீழே இறங்கியதுபோலவும் மற்றது மேலே ஏறியதுபோலவும் தெரிவது அதனால்தான்.

ஒவ்வொரு லேபிளையும் தனித்தனியாகச் சரிசெய்யப் போகாதீர்கள். பக்கத்தில் அருகருகே இருக்கும் லேபிள்களின் அடிக்கோடு ஒன்றாக நிற்பது, ஒவ்வொன்றும் தன் பெட்டிக்குள் கச்சிதமாக நிற்பதைவிட முக்கியம். சுழியும் வாலும் இரண்டும் உள்ள ஒரு சொல்லை மாதிரியாக வைத்து, மேல் டெக்ஸ்ட் டிஸ்டன்ஸை 0.2 மி.மீ. படிகளில் கூட்டியோ குறைத்தோ கண்ணுக்குச் சரியாக வரும் எண்ணைப் பிடியுங்கள். அதையே எல்லா லேபிளுக்கும் வையுங்கள். எழுத்துருவை மாற்றினால் இந்த எண்ணும் மாறும். முதல் வரி எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு ஃபர்ஸ்ட் லைன் ஆஃப்செட் என்ற அமைப்பும் உண்டு. அதில் 'லைன் ஸ்பேசிங்' தேர்ந்தெடுத்தால் எழுத்துரு அளவுகளின் தலையீடு குறையும்.

எத்தனை சதவீதம்?

இதைக் கண்ணால் மட்டும் முடிவு செய்வது ஆபத்து, ஏனென்றால் திரையில் அப்போது பின்னால் இருக்கும் படத்துக்கு மட்டுமே அது பொருந்தும். கணக்கு எளிது. லேபிள் நிறத்தின் எண்ணை (கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255) ஒபாசிட்டியால் பெருக்கி, பின்னணி எண்ணை மிச்சத்தால் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் கண்ணுக்குத் தெரியும் நிறம். வெள்ளை லேபிள் 70 சதவீதத்தில், முழுக் கறுப்பின் மேல் நின்றால் 255-இல் 179 அளவு சாம்பல் கிடைக்கும். அதன் மேல் கறுப்பு எழுத்துக்கு வேறுபாட்டு விகிதம், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு, ஏறத்தாழ 10:1. இணையப் பக்கங்கள் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டுதல் திரையில் வரும் சாதாரண எழுத்துக்கு 4.5:1-உம், 18 பாயின்ட் அல்லது தடித்த 14 பாயின்டுக்கு மேற்பட்ட எழுத்துக்கு 3:1-உம் கேட்கிறது. அச்சுக்கும் அதையே குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்ளலாம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வெள்ளை லேபிளில் கறுப்பு எழுத்து என்றால், 50 சதவீதத்துக்கு இறங்கினாலும், மிக மோசமான பின்னணியான முழுக் கறுப்பின் மேல்கூட 5.3:1 கிடைக்கிறது. கறுப்பு லேபிளில் வெள்ளை எழுத்து என்றால் நிலைமை வேறு. 50 சதவீதத்தில், வெள்ளை வானத்தின் மேல் வைத்தால் 4:1 கூட வராது. 60 சதவீதத்துக்கு ஏற்றினால்தான் 5.7:1. அதனால் வெள்ளை லேபிளை 60-இலிருந்து 75 வரையிலும், கறுப்பு லேபிளை 65-இலிருந்து 80 வரையிலும் வைப்பது பாதுகாப்பு. வண்ண லேபிள் என்றால் இரண்டு கடைக்கோடிகளிலும், அதாவது படத்தின் மிக வெளிச்சமான இடத்திலும் மிக இருண்ட இடத்திலும், ஒரு முறை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

விகிதம் போதுமானதாக இருந்தும் படிக்க முடியாத லேபிள்கள் உண்டு. இலைகள், கூரை ஓடுகள், கூட்டம் போன்ற நுணுக்கமான பின்னணியின் கோடுகள் எழுத்தின் கோடுகளோடு பின்னிக்கொள்ளும். அங்கே ஒபாசிட்டியை ஏற்றிக்கொண்டே போனால் கடைசியில் ஒளிபுகும் லேபிள் என்று சொல்லவே எதுவும் மிஞ்சாது. மாற்றுவழி, லேபிளுக்குப் பின்னால் படத்தை மங்கலாக்குவது. ஸ்கிரைபஸின் இமேஜ் எஃபெக்ட்ஸில் ப்ளர் இருக்கிறது. பட ஃப்ரேமை நகலெடுங்கள். படம் ஃப்ரீ ஸ்கேலிங்கில், அதாவது ஃப்ரேமின் அளவோடு சேர்ந்து மாறாத அமைப்பில், இருக்கட்டும். நகலை லேபிளின் அளவுக்கும் இடத்துக்கும் கொண்டுவந்து, அதே ஆரத்தைக் கொடுங்கள். இப்போது உள்ளே இருக்கும் படம் இடம் மாறியிருக்கும். லேபிள் மூல ஃப்ரேமின் மூலையிலிருந்து 20 மி.மீ. வலப்பக்கமும் 50 மி.மீ. கீழேயும் இருந்தால், கன்டென்ட் பலகத்தில் படத்தின் எக்ஸ் நிலையிலிருந்து 20-ஐயும் ஒய் நிலையிலிருந்து 50-ஐயும் கழியுங்கள். படம் பழைய இடத்தோடு பொருந்திவிடும். அதற்கு ப்ளர் கொடுத்து, மேலே லேபிளை வையுங்கள். உறைபனிக் கண்ணாடி போன்ற தோற்றம் வரும், 50 சதவீத ஒபாசிட்டியே போதுமானதாகிவிடும். லேபிளை நகர்த்தினால் இதையெல்லாம் மறுபடி செய்ய வேண்டும் என்பதால் இடம் முடிவான பிறகே இதில் இறங்குங்கள்.

குறை எங்கே

ஐந்து லேபிள் என்றால் ஸ்கிரைபஸ் இனிமை. ஐம்பது என்றால் அலுப்பு. பத்தி, எழுத்து, கோடு ஆகியவற்றுக்கு ஸ்டைல் இருக்கிறது, ஃப்ரேமுக்கு இல்லை. ஆரமும் நிரப்பும் ஒபாசிட்டியும் உள் இடைவெளியும் சேர்ந்த ஒரு ஸ்டைலைச் சேமித்து, பிறகு ஒரே இடத்தில் மாற்றி எல்லா லேபிளிலும் மாற்றம் வரச் செய்ய முடியாது. மாதிரி லேபிளை ஸ்க்ராப்புக்கில் (பொருள்களைச் சேமித்து வைக்கும் பலகம்) போட்டு இழுத்து இழுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் ஆரத்தை 2-இலிருந்து 2.5 ஆக்க வேண்டும் என்று நினைத்தால் ஒவ்வொன்றாகத் தொட வேண்டியதுதான்.

பெட்டி தானாக வளர்வதும் இல்லை. ஃப்ரேமின் உயரத்தை எழுத்துக்கு ஏற்ப மாற்றும் கட்டளை இருக்கிறது. அது உயரத்துக்கு மட்டும், அதுவும் கட்டளையிடும் அந்த ஒரு தடவைக்கு மட்டும். லேபிளுக்கு வேண்டியதோ அகலம். எழுத்துக்குப் பின்னணி நிறம் கொடுக்கும் வசதி கேரக்டர் அமைப்பில் உண்டு, அது சொல்லின் நீளத்தைத் தொடரும். ஆனால் அதற்கு முனை வளைவும் கிடையாது, இடைவெளியும் கிடையாது.

பைத்தான் தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டு குறையும் பெரிதாகத் தெரியாது. ஸ்கிரிப்ட் வழியாக ஃப்ரேம் உருவாக்கலாம், ஆரம், நிரப்பு, ஒளிபுகுதல், இடைவெளி எல்லாவற்றையும் கொடுக்கலாம். எழுத்து வழிகிறதா என்று ஃப்ரேமையே கேட்கவும் முடியும். அகலத்தைப் பெரிதாக வைத்துத் தொடங்கி, வழியும்வரை 0.5 மி.மீ. வீதம் குறைத்து, கடைசியாகச் சரியாக இருந்த அளவுக்குத் திரும்பினால் போதும். ஆனால் ஒன்று: இரண்டு சொல் உள்ள பெயரில் அகலம் குறையும்போது வரி உடைந்து இரண்டாவது வரிக்குப் போகும். உயரம் ஒரு வரிக்கு மட்டும் இடம் தருவதாக இருந்தால்தான் அது வழிதலாகப் பதிவாகும். சொற்களுக்கு நடுவே உடையாத இடைவெளி போட்டுவிட்டால் கவலையே இல்லை.

இந்த இடத்தில் அடோபி இன்டிசைன் தெளிவாக முன்னால் நிற்கிறது. எஃபெக்ட்ஸ் சாளரத்தில் ஆப்ஜெக்ட், ஸ்ட்ரோக், ஃபில், டெக்ஸ்ட் என்று நான்கு தனி இலக்குகள் உண்டு. ஃபில் தேர்ந்தெடுத்து ஒபாசிட்டியைக் குறைத்தால் எழுத்து அப்படியே நிற்கும். ஆப்ஜெக்ட் என்றே விட்டுவிட்டுக் குறைப்பதுதான் அங்கே எல்லோரும் செய்யும் பிழை. டெக்ஸ்ட் ஃப்ரேம் ஆப்ஷன்ஸில் ஆட்டோ-சைஸை உயரமும் அகலமும் என்று வைத்து, 'நோ லைன் பிரேக்ஸ்' குறியிட்டால், எழுத எழுதப் பெட்டி நீளும். இவை எல்லாமும் ஒரே ஆப்ஜெக்ட் ஸ்டைலுக்குள் அடங்கும். ஆனால் அங்கே பாராகிராஃப் ஷேடிங்கை நம்பி இறங்காதீர்கள். அது வட்டமுனை தரும், அகலத்தை எழுத்தளவுக்குச் சுருக்கும், ஆனால் அதில் டின்ட் மட்டுமே உண்டு, ஒபாசிட்டி இல்லை. மேலே சொன்ன ஷேட் குழப்பம் அங்கே டின்ட் என்ற பெயரில் வருகிறது. இன்டிசைனுக்கு மாதச் சந்தாவோ ஆண்டுச் சந்தாவோ கட்ட வேண்டும். லேபிள்கள் நூற்றுக்கணக்கில், அடிக்கடி திருத்தத்தோடு வரும் வேலைக்கு மட்டுமே இந்த ஒன்றுக்காக அதை வாங்குவது நியாயம்.

பிடிஎஃப்

திரையில் அழகாக நின்ற லேபிள் அச்சில் முழு வெள்ளைப் பட்டையாக வந்தால், பழி பிடிஎஃப் பதிப்பின் மேல்தான். ஒளிபுகுதல் பிடிஎஃப் 1.4-இல்தான் வந்தது. 1.3-இலும், அச்சகங்களுக்கான பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ, எக்ஸ்-3 தரங்களிலும் அதற்கு இடமில்லை. எக்ஸ்-4 அதை அனுமதிக்கிறது, ஸ்கிரைபஸ் 1.6 எக்ஸ்-4-ஐ எழுதும். அச்சகம் ஏற்றுக்கொள்ளுமானால் அதையே அனுப்புங்கள். ஏற்றுமதிக்கு முன் பிழை தேடும் ப்ரிஃப்ளைட் வெரிஃபையர் ஓடும்போது, தேர்ந்தெடுத்த தரத்துக்கு ஒளிபுகுதல் ஒவ்வாது என்றால் பொருளின் பெயரோடு எச்சரிக்கும். 'இக்னோர் எரர்ஸ்' பொத்தானை அவசரத்தில் அழுத்திவிட்டால் வெள்ளைப் பட்டை உறுதி. போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சுப்பொறி மொழி வழியான நேரடி அச்சும் இதே கதைதான். அந்த மொழிக்கே ஒளிபுகுதல் தெரியாது.

அச்சகம் எக்ஸ்-1ஏ-தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், இன்டிசைன் ஏற்றுமதியின்போதே ஒளிபுகுதலைத் தட்டையாக்கிக் கொடுக்கும். ஸ்கிரைபஸ் பயனாளிகளுக்கு நல்ல வழி, லேபிளின் பின்னணியைப் படத்திலேயே சேர்த்துவிடுவது. கிம்ப் போன்ற படத்திருத்த மென்பொருளில் படத்தின் மேல் வட்டமுனைப் பட்டையை வரைந்து, ஒபாசிட்டி குறைத்து, இணைத்துச் சேமியுங்கள். ஸ்கிரைபஸில் அதன் மேல் நிரப்பில்லாத டெக்ஸ்ட் ஃப்ரேம் மட்டும் வையுங்கள். எழுத்து எழுத்தாகவே, கூர்மையாக இருக்கும். பிடிஎஃப்பை மாற்றித் தரும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளால் 1.3-க்கு மாற்றும் குறுக்குவழியும் உண்டு. ஆனால் ஒளிபுகுதல் உள்ள பக்கத்தை அது படமாக்கிவிடும், எழுத்தும் புள்ளிகளாகும். சிறிய தமிழ் எழுத்துக்கு அது ஆகாது.

அச்சில் மட்டும் தெரியும் இன்னும் சில. லேபிளுக்குக் கோடு வைத்து அதற்கும் ஒபாசிட்டி குறைத்தால், கோட்டின் உள்பாதி நிரப்பின் மேல் விழுந்து இரட்டை வரியாகத் தெரியும். கோடு வேண்டுமென்றால் 100 சதவீதத்தில் வையுங்கள். லேபிள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் ஏறிய இடம் மட்டும் அடர்த்தியாகும்; ஏற விடாதீர்கள். கீழே உள்ள நிறத்தோடு பெருக்கிக் கலக்கும் மல்டிப்ளை கலப்பு முறையில் வெள்ளை லேபிள் மறைந்தே போகும், நார்மல்தான் சரி. கறுப்பு லேபிளில் வெள்ளை எழுத்து வந்தால், அது நான்கு மைகளுக்கு நடுவே விடப்பட்ட ஓட்டை. தகடுகள் இம்மியளவு விலகினாலும் 'ண', 'ணை' போன்ற எழுத்துகளின் உள்வளைவு மையால் அடைபடும். 9 பாயின்டுக்குக் கீழே போகாதீர்கள், மெல்லிய எழுத்துருவும் வேண்டாம். கறுப்பு எழுத்துக்கு நான்கு மைக் கலவை எடுக்காமல், கறுப்பு மை 100 மட்டும் உள்ள நிறத்தையே எடுங்கள்.

ஏற்றுமதி செய்த பிடிஎஃப்பை அடோபி ரீடரில் 400 சதவீதப் பெரிதாக்கத்தில் ஒரு முறை திறந்து பாருங்கள். லேபிளின் உள்ளே படம் தெரிகிறதா, முனை வழவழப்பாக இருக்கிறதா, எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்ற மூன்றும் அங்கேயே தெரிந்துவிடும்.